நான் கட்டிய போர் விமானம்



இந்தக் கணத்தில் என் குரல் உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை நீங்கள் பள்ளியிலே படித்திருப்பீர்கள். கம்பி ஏதுமில்லை, மின்காந்த அலைதான் தூது. அதே இனத்து அலையைக் கைப்பெட்டி ஒன்றிலிருந்து அனுப்பி, வானத்திலே பறக்கும் ஒரு சிறு விமானத்தை இடமும் வலமும் திருப்பலாம், ஏற்றலாம், இறக்கலாம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் இந்தத் தூதின் அருமையை வகுப்பறையில் உணர்ந்ததைவிட, மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு வறண்ட ஏரியின் நடுவே, உடைந்த விமானத்தின் முன் நின்றபோதுதான் நன்றாக உணர்ந்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2009-ஆம் ஆண்டு. மாதிரிப் போர் விமானம் ஒன்றை விலைக்கு வாங்கினேன். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற மஸ்டாங் என்னும் அமெரிக்க விமானத்தின் உருவம். நுரைப் பொருளால் வார்த்தது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 1.2 மீட்டர். பெட்டியைத் திறந்து, இறக்கையை நான்கு திருகாணிகளால் முடுக்கி, வாலை ஒட்டி, மின்கலத்தைச் செருகினால் வேலை முடிந்தது. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினேன்; இரவு உணவுக்கு முன் மேசைமீது ஒரு போர் விமானம் நின்றது! வெள்ளிபோல் மின்னும் உடல், மூக்கிலே வண்ணக் கட்டங்கள், இயந்திரத் துப்பாக்கியின் குழாய்கள் என எதற்கும் குறைவில்லை. பறக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் குறை.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். விமானப் படையில் இயந்திரப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டக் கற்பித்து வந்தார். அவரிடம் பெருமையோடு அதைக் காட்டினேன். இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன ஓட்டியிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார்.

"இதுதான் ஐயா முதல்."

"சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் புல்லட் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் அலமாரியில வையுங்க. நான் ஒரு பயிற்சி விமானம் தரேன்."

நான் வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த ஏரிக்கு எடுத்துச் சென்றேன். அங்கே ஆடுகளும், ஆடு மேய்க்கும் ஒரு சிறுவனும் இருந்தனர். சிறுவனுக்கு ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். அவன் ஒரு கருவேல மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தான். விமானம் ஓடியது, சுழலியின் எதிர்விசையால் சற்று இடப்புறம் இழுத்தது, எழும்பியது. தொலைவாகச் சென்றபோது நான் விரும்பியவாறே திரும்பியது. அதன்பின் என்னை நோக்கித் திரும்பி வந்ததே, அங்குதான் வினை.

விமானம் உங்களை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலக்கை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். உங்களை நோக்கி வரும்போது அதன் வலக்கை உங்கள் இடப்பக்கம் வந்துவிடும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சிகை திருத்திக்கொள்ளும் குழந்தைக்கு ஏற்படும் குழப்பமே இங்கும் ஏற்படும். புதியவர்களின் விமானங்கள் நொறுங்குவதற்கு இதுவே முதற் காரணம். நான் வலப்புறம் சாய்க்க எண்ணிக் கோலைத் தள்ளினேன். விமானம் என் பார்வையில் இடப்புறம் சாய்ந்தது. பதறி இன்னும் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. மேலே எழுப்ப நினைத்து மற்றதையும் இழுத்தேன். வேகம் குறைந்தது, ஓர் இறக்கை தொய்ந்தது, விமானம் சுழன்றுகொண்டே தலைகீழாக விழுந்தது. கருவேல மரத்துக்கு இப்பால், அந்தச் சிறுவனிடமிருந்து பத்து அடி தூரத்தில் விழுந்தது.

அவன் சிறிதும் அஞ்சவில்லை. ஓடிப் போய் ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "சார், ரெக்கை இங்க கெடக்கு" என்று சிரித்தவாறே என்னிடம் கொண்டுவந்து தந்தான். என் கைதான் நடுங்கிற்று.

அன்றிரவு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவர்களே, நீங்களும் போட்டுப் பாருங்கள். விமானத்தின் எடை 1.2 கிலோகிராம்; வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 225 ஜூல். அதே விமானத்தை 19 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறாவது மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து, ஒருவன் தலைமேல் போட்டால் என்ன நேருமோ அது நேர்ந்திருக்கும். விற்ற கடைக்காரர் தந்த தாளில் மனிதர்களிடமிருந்து தள்ளி நின்று ஓட்டுமாறு அச்சிட்டிருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. பெட்டியின்மேல் இருந்த படத்தை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் பெரியவரிடம் உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். சிறுவனைப் பற்றியும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு கைப்பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஆசிரியர் தம் பெட்டியிலுள்ள ஒரு விசையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் மாணவன் சொற்படி பறக்கும். விசையை விட்டால் அக்கணமே ஆசிரியர் வசமாகிவிடும். விமானமும் வேறு வகை. இறக்கை உடலின் மேலே அமைந்து, இரு நுனிகளும் சற்று உயர்ந்திருக்கும். கையை எடுத்துவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும் குணம் உடையது. போர் விமானமோ எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்குமாறு அமைக்கப்பட்டது. எதிரியிடமிருந்து சட்டென்று விலக வேண்டியதற்கு அதுதான் ஏற்றது. 'எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கோலைத் தள்ளு' என்ற ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை முறை சொன்னாரோ, கணக்கில்லை. ஓராண்டுக்கு மேல் இவ்வாறு கழிந்தது.

இங்கே இவ்விளையாட்டின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1898-ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். கூடியிருந்தோரில் பலர் அதை மாயவித்தை என்றே எண்ணினர். 1937-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்னும் ஊரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் கஃப் என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டனர். அந்த விமானம் இப்பொழுது அமெரிக்கத் தேசிய விண்பயண அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே காலத்தில் ஹாலிவுட்டிலே ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர் மாதிரி விமானக் கடை ஒன்று நடத்தி வந்தார். பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கு இலக்காக இத்தகைய விமானத்தைப் பயன்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. போர்க்காலத்தில் அவர் நிறுவனத்தார் ஆயிரக்கணக்கில் அவற்றைச் செய்து படைக்கு அளித்தனர். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம்பெண்ணை 1945-இல் இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடித்தார். அவரே பின்னாளில் மர்லின் மன்ரோ எனப் புகழ்பெற்ற நடிகை. விளையாட்டுப் பொருள் போர்க் கருவியான கதை இது. நானோ போர்க் கருவியை விளையாட்டுப் பொருளாக்கத் துணிந்தவன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கைப்பெட்டிக்கும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையும் அதற்குரிய படிகமும் இருக்கும். மைதானத்தில் ஒருவர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கையில், அதே படிகமுடைய மற்றொருவர் தம் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும். வானிலே உள்ளது யார் சொல்லைக் கேட்பது என்று அறியாமல் தரைக்கு வந்துவிடும். அதனால் ஒரு பலகையில் அலைவரிசைச் சீட்டுகளை மாட்டி வைத்து, சீட்டு கையில் இருப்பவரே பெட்டியைத் திறக்கலாம் என்று விதி செய்திருந்தனர். இன்றைய பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. அவை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே பேசுவதாலும், தத்தம் விமானத்தின் அடையாளத்தை மட்டுமே அறிந்திருப்பதாலும் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. விமானத்துக்குள் சர்வோ என்னும் சிறு மோட்டார்கள் சில இருக்கும். ஒரு மில்லி விநாடி நீளமுள்ள துடிப்பு வந்தால் ஒரு கோடிக்குத் திரும்பும். இரண்டு மில்லி விநாடி என்றால் மறு கோடிக்கு. ஒன்றரை என்றால் நடுவில் நிற்கும். விநாடிக்கு ஐம்பது முறை இந்தத் துடிப்பு போய்க்கொண்டிருக்கும். உங்கள் கட்டைவிரலின் அசைவு விமானத்தின் வாலை எட்டும் வழி இவ்வளவே.

2010-இன் இறுதியில் பெரியவர், "இனிமே உங்க சண்டை விமானத்துக்குப் போகலாம். ஆனா இந்தத் தடவை வாங்காதீங்க, கட்டுங்க" என்றார்.

கட்டினால் மலிவு என்று சிலர் கூறுவர். அது பொய். மரம், பசை, மோட்டார், மின்கலம், சர்வோ, வீணாகும் பலகைகள் எல்லாவற்றையும் கூட்டினால் ஆயத்த விமானத்தின் விலையைத் தாண்டிவிடும். என் மனைவி அந்தக் கணக்கை எழுதிய தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறாள். நேரமோ, எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அப்படியானால் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. நான் கண்டதைச் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஸ்பிட்பயர். ஆங்கிலப் பொறியாளர் ரெஜினால்ட் மிச்சல் என்பாரின் படைப்பு. 1936 மார்ச்சு 5-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அடுத்த ஆண்டே, தமது நாற்பத்திரண்டாம் வயதில், மிச்சல் புற்றுநோயால் இறந்தார். தம் விமானம் படையில் சேர்ந்ததை அவர் காணவில்லை. அந்த விமானத்தின் அழகெல்லாம் அதன் இறக்கையில் இருக்கிறது. நீள்வட்ட வடிவம். பலரும் அதை அழகுக்காக அமைத்ததென்றே நினைப்பர். சுடுகருவிகளையும் மடங்கும் சக்கரங்களையும் உள்ளே அடக்க இறக்கையின் அடிப்பகுதி அகலமாக இருத்தல் வேண்டும். வேகத்திற்கு இறக்கை மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடம் தந்த வடிவம் அது. பெவர்லி ஷென்ஸ்டன் என்ற காற்றியக்க அறிஞருக்கு அதில் பெரும் பங்குண்டு.

இந்த நீள்வட்டத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. வேகம் குறைந்து, மூக்கு மேலே தூக்கினால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று ஒரு நிலையில் விலகிவிடும்; இறக்கை தூக்கும் வலிமையை இழந்துவிடும். என் மஸ்டாங் விழுந்ததும் அதனாலேயே. நீள்வட்ட இறக்கையில் அடியும் நுனியும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வலிமை இழக்கும். நுனி முதலில் இழந்தாலோ, விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலும். ஆகையால் ஸ்பிட்பயரின் இறக்கையை அவர்கள் சற்று முறுக்கி வைத்தனர். அடியில் 2 பாகை மேல்நோக்கிய இறக்கை, நுனிக்கு வருவதற்குள் அரைப் பாகை கீழ்நோக்கிவிடும். அடி முதலில் தளரும். நுனி கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும். விமானி அதிர்வை உணர்ந்து மூக்கைத் தாழ்த்திக்கொள்வார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால், கட்டும்போது நுனி விலா எலும்பின் பின்முனைக்கடியில் நான்கு மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மரச் சிம்பை வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிம்புதான் அந்த முறுக்கு! அதை ஒரு பக்கம் வைத்து மறு பக்கம் வைக்க மறந்தால் விமானம் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமே சாயும். நான்கு மில்லிமீட்டர் மரத்துண்டை விரலிடையில் பிடித்துக்கொண்டு, மிச்சலின் ஆட்கள் வரைபலகைமுன் நின்று எதைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. பெட்டியிலிருந்து வந்த மஸ்டாங்கிலும் யாரோ ஒருவர் இத்தகைய கவலையைப் பட்டுத்தான் இருப்பார். நான் அதைப் படவில்லை. ஆகவே அதன் இறக்கை ஏன் தொய்ந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால்சா என்னும் மரம், நம் ஊர் இலவ மரத்தின் உறவினம். தென் அமெரிக்காவிலுள்ள எக்வடோர் நாட்டிலிருந்து மிகுதியாக வருகிறது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை நிறுத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் கனமும், நூறு மில்லிமீட்டர் அகலமும், மூன்றடி நீளமும் உள்ள பலகை ஒன்று 27 கிராம் இருக்கும். பக்கத்திலுள்ளது 50 கிராம் இருக்கும். கனமானது வலியது, அதை இறக்கையின் குறுக்கே செல்லும் நெடுஞ்சட்டத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இலேசானது வால் பகுதிக்கு. வாலிலே பத்து கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கிலே பல மடங்கு ஈயம் வைக்க நேரும். கடையில் தராசோடு நின்று பலகை பொறுக்கும் என்னைக் கண்டு, கத்தரிக்காய் பொறுக்குகிறவரைப் பார்ப்பதுபோல் கடைப் பையன் பார்த்தான். இந்த மரத்தை விளையாட்டு மரம் என்று இகழ வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு ஒட்டுப் பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்ததே.

உண்மை ஸ்பிட்பயரின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். நான் அதில் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன், 1.40 மீட்டர் ஆயிற்று. நீளம் எட்டில் ஒன்றானால் இறக்கையின் பரப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகும். கன அளவு ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாகும். முதற் கால ஸ்பிட்பயரின் எடை ஏறக்குறைய 2,700 கிலோ. வகுத்தால் ஐந்தே கால் கிலோ வருகிறது. என் விமானம் 2,400 கிராமில் அடங்கியது. இவ்வாறு இலேசாக்குவது கட்டாயம். ஏனெனில் சிறிய இறக்கைக்குக் காற்று, பெரியதற்கு இருப்பதைவிட அதிகப் பிசுபிசுப்புடையதாகத் தோன்றும்; காற்று இன்னும் சீக்கிரம் இறக்கையைக் கைவிட்டுவிடும். உருவத்தைச் சுருக்கலாம்; காற்றைச் சுருக்க இயலாது.

எலும்புக்கூடு முடிந்ததும் மெல்லிய பூச்சுத் தாளைப் போர்த்தி, வீட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால், அது முரசுத் தோல்போல் விறைத்து நிற்கும். அந்தப் பெட்டி பிறகு சட்டை தேய்க்க உதவாது என்பதையும் மேற்சொன்ன கணக்குத் தாளில் சேர்த்துக்கொள்க.

அடுத்து வண்ணம் தீட்ட வேண்டும். எந்த அணியின் எழுத்துக்களை எழுதுவது என்று பார்ப்பதற்காக ஆங்கிலேய விமானப் படையின் அணிகளின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 79-ஆவது அணி, 234-ஆவது அணி, 264-ஆவது அணி, இம்மூன்றின் பெயருக்கு அருகிலும் 'மதராஸ் மாகாணம்' என்று அடைப்புக்குள் எழுதியிருந்தது. திகைத்துப் போனேன். போர்க்காலத்தில் குடியேற்ற நாடுகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் விமான நிதி திரட்டினர். ஒரு ஸ்பிட்பயருக்கு 5,000 பவுன் என்று விலை வைத்திருந்தனர். உண்மையில் செலவு அதைவிட மிகுதி. பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயரை அணிகளுக்குச் சூட்டினர். அவ்வாறு நம் மாகாணத்தின் பெயரும் ஏறிற்று. 234-ஆவது அணி 1940-இல் இங்கிலாந்தின் வானிலே ஸ்பிட்பயரில் போரிட்டது. அதன் எழுத்துக்கள் ஏ, இசட்.

அன்று நம் மாகாணத்தின் நிலை என்ன? இந்திய மக்களைக் கேளாமலே இந்தியாவைப் போரில் இறக்கிவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி இல்லை, ஆளுநர் ஆண்டார். அப்படிப்பட்ட நேரத்தில் மதராஸ் மாகாணத்தின் பெயர் மூன்று போர் அணிகளுக்குப் பரிசுப் பெயராயிற்று. நாஜிகளை எதிர்த்து நின்ற அந்த விமானங்களை நான் வெறுக்க முடியவில்லை. கொடுத்த பணத்தில் எவ்வளவு மனமுவந்து வந்தது என்று கேளாதிருக்கவும் முடியவில்லை. தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தயங்கினேன்.

பெரியவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நம்ம ஊர்ப் பேரு இருந்ததுன்னா எழுதத்தான் வேணும் தம்பி. யாராவது ஏன்னு கேட்டா, நீங்க முழுசாச் சொல்லணும். பாதியச் சொல்லக் கூடாது" என்றார். ஏ, இசட் என்ற எழுத்துக்களை எழுதினேன்.

2012-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை. அதே ஏரிதான். கிராமத்தாரிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே சொல்லியிருந்தோம். இன்று இதற்கு முறையான விதிகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டின் ஆளில்லா விமான விதிகளின்படி நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் பகுத்திருக்கிறார்கள். விமான நிலையங்களுக்கு அருகே இறக்கையை விரிக்கவும் கூடாது. பச்சைப் பகுதியிலும் 400 அடி உயரம்தான் எல்லை. விமானம் எப்பொழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் தொடங்குவதாயின் அவ்விதிகளை முதலில் படியுங்கள். லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். பொங்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். மின்கலம் செருகிய விமானத்தின் சுழலிக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். சுழலிக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே.

அந்தச் சிறுவன் அன்றும் வந்திருந்தான். வளர்ந்திருந்தான், ஆடுகள் குறைந்திருந்தன. நான் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பின்னால் அவனை நிறுத்தினேன். "இதுவும் விழுமா சார்?" என்று கேட்டான். "விழலாம். அதனாலதான் நீ எனக்குப் பின்னாடி நிக்கிற" என்றேன்.

விசையை மெல்ல ஏற்றினேன். ஸ்பிட்பயரின் சக்கரங்கள் உடலுக்கு அருகில் நெருங்கி நிற்பவை, ஓடும்போது தள்ளாடும். இடப்புறம் இழுத்தது, சுக்கானை வலப்புறம் சற்றே கொடுத்தேன். வால் எழுந்தது. பிறகு சக்கரத்தின் ஓசை நின்றது. முதல் வட்டத்தில் கைகளெல்லாம் வியர்த்துவிட்டன. இரண்டாம் வட்டத்தில் விமானம் எங்களைக் கடந்து செல்லும்போது, கீழிருந்து பார்த்தால் தெரியும் அந்த நீள்வட்டம், காலை வெயிலில் இறக்கை வழியே விலா எலும்புகளோடு தெரிந்தது. உயரே ஏற்றி, வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். இறக்கை நடுங்கிற்று, மூக்கு நேராகத் தாழ்ந்தது, எந்தப் பக்கமும் புரளவில்லை. நான்கு மில்லிமீட்டர் சிம்பு தன் வேலையைச் செய்தது.

ஆறு நிமிடம் பறந்தபின் இறக்கினேன். இறங்குவதில் குறை வந்தது. சக்கரம் ஒரு சேற்று வெடிப்பில் சிக்கி, விமானம் மூக்கைக் குத்தி வாலைத் தூக்கி நின்றது, சுழலி முறிந்தது. சிறுவன் கோட்டைத் தாண்டி ஓடப் பார்த்தான். பெரியவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சென்று மின்கலத்தைக் கழற்றிய பிறகே அவனை விட்டார்.

அவன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது என்ன எழுத்து சார்?" என்று கேட்டான். மதராஸ் மாகாணக் கதையைச் சொன்னேன். அமைச்சரவை விலகியதையும் சொன்னேன். அவன் சிறிது யோசித்து, "காசு நம்மளுது சரி. ஓட்டினது நம்ம ஆளா?" என்றான். 1940-இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் இங்கிலாந்துக்குச் சென்றதையும், அவர்களுள் மொகிந்தர் சிங் புஜ்ஜி என்பவர் தலைப்பாகையோடே ஹரிக்கேன் விமானத்தில் பறந்ததையும், பின்னர் நம் நாட்டு விமானப் படையினரே பர்மா முனையில் போரிட்டதையும், ஸ்பிட்பயர் விமானங்கள் நம் படையிலும் இருந்ததையும் கூறினேன். புஜ்ஜியின் தலைப்பாகையைப் பற்றி அவன் இரண்டு முறை கேட்டான். தலைப்பாகையின்மேல் காதணிக் கருவியை எப்படி மாட்டிக்கொண்டார் என்பது அவன் ஐயம். எனக்கு விடை தெரியவில்லை.

பெரியவர் அதற்குள் பையிலிருந்து பழைய பயிற்சி விமானத்தை எடுத்து, இறக்கையை இரப்பர் வளையங்களால் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைப்பெட்டிகளையும் கம்பியால் இணைத்தார். ஒன்றைச் சிறுவனிடம் நீட்டி, "எதிர்ல வரும்போது எந்த ரெக்கை தாழ்ந்திருக்கோ..." என்று தொடங்கினார். ஆடுகள் ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் திருப்பி வர நான் நடந்தேன்.